பக்கச் சக்கரம் மாட்டியாச்சு, கிரிப்பை யார் பார்ப்பது?

ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் மாட்டியவுடன் அது வேறு வண்டியாகிவிடுகிறது. சாயாது. நிறுத்தினால் ஸ்டாண்டு போட வேண்டாம். சிக்னலில் காலை ஊன்ற வேண்டாம். இதெல்லாம் பார்க்கிறவர்களுக்கே தெரியும். ஹேண்டில் பாரின் இரண்டு முனையிலும் இருக்கிற ரப்பர் கிரிப்புகளுக்கு அன்றைக்கே வேலை கூடிவிடுகிறது என்பது மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. சக்கரம் மாட்டுகிறவர் ஆக்சிலைப் பார்க்கிறார், வெல்டிங்கைத் தட்டிப் பார்க்கிறார், நட்டுகளை முறுக்குகிறார். கிரிப் மட்டும் ஷோரூமிலிருந்து வந்தபடியே நிற்கிறது.

நான் கோவில்பட்டியில் அஞ்சலக ஆர்.டி. ஏஜெண்ட். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள், கடலைமிட்டாய் பொட்டலம் போடுகிறவர்கள், வீட்டோடு தையல் மெஷின் வைத்திருப்பவர்கள் என்று தெருத்தெருவாகப் போய் மாதச் சேமிப்பை வாங்கித் தபால் ஆபீசில் கட்டுவது என் தொழில். சின்ன வயதில் வந்த போலியோவால் எனக்கு இரண்டு காலிலும் வலு கிடையாது. கழுகுமலை ரோடானாலும் எட்டயபுரம் ரோடானாலும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில்தான் போகிறேன். ஆகவே லூசான கிரிப்பைப் பற்றி நான் பேசுவது கொஞ்சம் சொந்த அக்கறையோடுதான் இருக்கும். ஆனால் சொல்லப்போகிற வேலை முறை மோட்டார் சைக்கிள், மொபெட், ஆட்டோ எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

சாயாத வண்டியின் இழுவை

இரு சக்கர வண்டி வளைவில் சாய்ந்து திரும்புகிறது. ஓட்டுகிறவரின் உடம்பும் சேர்ந்து சாய்வதால் எடை சீட்டுக்குள்ளேயே இறங்கிவிடும்; கைகளுக்குப் பெரிய வேலை இல்லை. பக்கச் சக்கரம் வந்த வண்டி சாய முடியாது. இடப்பக்கம் திரும்பினால் உடம்பு வலப்பக்கம் தள்ளப்படுகிறது. காலில் வலு உள்ளவர் பலகையில் காலை அழுத்திச் சமாளித்துக்கொள்வார். எங்களுக்கு ஹேண்டிலே ஊன்றுகோல். இடது கை கிரிப்பைத் தன் பக்கம் இழுக்கும், வலது கை எதிர்ப்பக்கம் தள்ளும். உடம்பின் தள்ளல் முழுவதும் அந்த ரப்பர் வழியாகத்தான் கம்பிக்குப் போகிறது.

நேர் ரோட்டிலும் ஓய்வு கிடையாது. மழைத்தண்ணீர் வடிய வேண்டுமென்று ரோட்டை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போட்டிருப்பார்கள். இரு சக்கர வண்டி அந்தச் சரிவிலும் நிமிர்ந்தே ஓடும். இணைப்புச் சக்கர வண்டி சரிவோடு சேர்ந்து இடப்பக்கம் சாய்ந்தே ஓடுவதால் ஹேண்டிலும் ஓரத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டே ஓட்ட வேண்டும். போதாததற்கு, நாங்கள் வண்டியில் ஏறுவதே ஹேண்டிலைப் பிடித்துத்தான். உடம்பின் எடை ஒரு நொடி இடது கிரிப்பில் தொங்கும். (வலது கிரிப்பைப் பிடித்து ஏறக் கூடாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் ஏறுவதற்கு முன்னாலேயே வண்டி கிளம்பிவிடும்.)

கைப்பிடி உள்ள ஆட்டோவை ஓட்டியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆட்டோவிலும் பழைய சேத்தக் ஸ்கூட்டரிலும் கிளட்சைப் பிடித்து இடது கைப்பிடியை முறுக்கினால்தான் கியர் மாறும். அதன் ரப்பர் லூசானால் கை சுற்றும், கியர் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் அவர்கள் உடனே கவனித்துவிடுகிறார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இடது கிரிப் லூசானால் வண்டி வாயைத் திறந்து சொல்வதில்லை. அதுதான் ஆபத்து.

ஒரு தபால் அட்டைகூட இல்லை

நம் ஊர் ஸ்கூட்டர், பைக் பெரும்பாலானவற்றில் ஹேண்டில் பார் குழாயின் வெளி விட்டம் 22 மில்லிமீட்டர். அங்குலக் கணக்கில் எட்டில் ஏழு. ஹார்லி-டேவிட்சன் மாதிரி பெரிய அமெரிக்க வண்டிகளுக்கு ஒரு அங்குலம்; அதற்குச் செய்த கிரிப் நமக்கு லொடலொடக்கும். 22 மில்லிமீட்டர் குழாயின் சுற்றளவு சுமார் 7 சென்டிமீட்டர். கிரிப்பின் நீளம் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ரப்பரும் கம்பியும் தொட்டுக்கொள்கிற பரப்பு ஏறக்குறைய 84 சதுர சென்டிமீட்டர். நான் தினம் பார்க்கிற தபால் அட்டை 14-க்கு 9, அதாவது 126 சதுர சென்டிமீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு இடத்தில்தான் ஒரு கையின் பிடி முழுவதும் நிற்கிறது.

கிரிப்பின் துளை குழாயைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். ஏற்றும்போது ரப்பர் விரிந்து, பிறகு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த இறுக்கமும், நடுவில் உள்ள பசையும்தான் பிடிமானம். வலப்பக்கம் கொஞ்சம் வேறு. அங்கே கம்பிக்கு மேலே ஆக்சிலேட்டர் பைப் என்கிற பிளாஸ்டிக் குழாய் சுற்றுகிறது. கிரிப் அதன்மேல் உட்காருகிறது. ஆகவே வலது கிரிப்பின் துளை பெரிது. கடையில் கிரிப் ஜோடியாகத்தான் விற்கும். அவசரத்தில் வலதைத் தூக்கி இடப்பக்கம் போட்டுவிட்டால் எந்தப் பசையாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

இறுக்கம் போவதற்குக் காரணங்கள் பல. மழைத்தண்ணீர் விளிம்பு வழியாக உள்ளே இறங்கி இடப்பக்கக் கம்பியில் துரு பிடிக்கும். துரு உதிர்ந்து, பொடி ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவில் உருளும். கை வேர்வையும் கரிசல் மண் தூசியும் சேர்ந்து நைசான சேறாகும். வெயிலில் நின்று நின்று ரப்பர் இறுகி, விரிந்து சுருங்கும் குணத்தை இழக்கும். சில மலிவு கிரிப்புகள் நேர்மாறாக, உள்ளே கலந்த மென்மையாக்கும் எண்ணெய் வெளியே கசிந்து பிசுபிசுக்கும். இவை போக மனிதர் செய்வதும் உண்டு. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் பளபளப்புக்காக வண்டி முழுக்க ஒரு பாலிஷை அடித்துவிடுகிறார்கள். அது சீட்டிலும் கிரிப்பிலும் படக் கூடாத பொருள். மேலே பட்டால் கை வழுக்கும். விளிம்பில் இறங்கினால் கிரிப்பே வழுக்கும்.

லூசா, இல்லையா?

வலது கிரிப்பை மெதுவாகத் திருப்பினால் முதலில் கொஞ்சம் வெறுமனே ஆடும், அதற்குப் பிறகுதான் கேபிள் இழுக்கும். கிரிப்பின் விளிம்பில் அளந்தால் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை இந்த ஆட்டம் இருப்பது முறைதான். அதை லூசு என்று நினைத்து இறுக்கப் போக வேண்டாம். ஆட்டம் கேபிளில் இருக்கிறதா, ரப்பரில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கிரிப்பின் உள் விளிம்பிலும், அதை ஒட்டித் தெரியும் பைப்பிலும் சேர்த்து வெள்ளை மார்க்கரால் ஒரே கோடு போடுங்கள். இடப்பக்கம் கிரிப்புக்கும் கம்பிக்கும் சேர்த்து அதே போல. ஒரு நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு ஒரே கோடாக இருந்தால் கவலையில்லை. இரண்டாகப் பிரிந்து நின்றால் கிரிப் நகர்கிறது.

நகர்ந்தால் என்ன ஆகும்? வலப்பக்கம் இரண்டு விதமான தொல்லை. கிரிப் பைப்பின்மேல் சுற்றினால், கை திரும்பும், வண்டி வேகமெடுக்காது; லாரிக்கு முன்னால் ரோட்டைக் கடக்கும்போது இது நடந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைவிட மோசம், கிரிப் உள்பக்கமாக ஊர்ந்துபோய் சுவிட்ச் பெட்டியில் முட்டி நிற்பது. கையை எடுத்தாலும் ஆக்சிலேட்டர் திரும்பாது. இடப்பக்கத்தில் பிரச்சினை பிரேக்கில் வரும். லீவரை விரல்கள் இழுக்கும்போது உள்ளங்கைக்கு அசையாத பிடி வேண்டும். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் 125 சிசி வரையிலான வண்டிகளில் கூட்டு பிரேக்கோ ஏ.பி.எஸ்.ஸோ கட்டாயம். கூட்டு பிரேக் உள்ள ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கிறது. அந்த இடது கைப்பிடியே சுற்றினால் இரண்டு சக்கரத்தின் பிரேக்கும் அரைகுறைதான்.

கல்லு மாதிரி நிற்கக் கூடாது

“யக்கா, கிரிப்புதான? ரெண்டு சொட்டு குயிக் பசை விட்டா கல்லு மாதிரி நிக்கும்” என்றான் நான் வண்டி விடுகிற ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பி.

“கல்லு மாதிரி நிக்கக் கூடாதுப்பா, ரப்பர் மாதிரி நிக்கணும்” என்றேன்.

அவனைக் குறை சொல்லவில்லை. ஊர் முழுக்க இதுதான் வைத்தியம். நொடியில் ஒட்டும் அந்தப் பசையின் வேதிப்பொருள் 1942-ல் ஹாரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளரின் குழுவுக்குக் கிடைத்தது. துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார்கள். தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறதே என்று சலித்து ஒதுக்கிவிட்டார்கள். பல வருடம் கழித்து, 1958-ல்தான் அது பசையாகவே கடைக்கு வந்தது. காற்றிலும் பொருள்மேலும் உள்ள ஈரப்பசை பட்டதும் அது இறுகும். கிரிப்பைப் பாதி ஏற்றும்போதே இறுகிவிட்டால் முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. முழுதும் ஏறினாலும் காய்ந்தபின் கண்ணாடி போல விறைப்பாக நிற்கும். ரப்பர் வளையும், வண்டி அதிரும். விறைத்த பசை விரிசல் விட்டுப் பொடியாகும். வலப்பக்கத்தில் ஒரு சொட்டு உள்ளே வழிந்து பைப்பையும் கம்பியையும் சேர்த்து ஒட்டிவிட்டால், ஆக்சிலேட்டர் திறந்தபடியே நின்றுவிடும்.

இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அதன்மேல் ஏற்றுவதும் வேண்டாம். வெயிலில் டேப்பின் பசை இளகி, வழுக்குவதற்கு ஒரு அடுக்கைக் கூட்டும். லூசான கிரிப்புக்கு மேல் ஸ்பாஞ்ச் கவர் மாட்டுவது நோயைப் போர்வையால் மூடுவதுதான். கழற்ற எளிதாக இருக்கட்டுமென்று எண்ணெய் ஸ்பிரே அடிக்கிறார்கள். அது ஆவியாகிப் போகாது, உள்ளேயே தங்கும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆனால் ரப்பரை ஊத வைக்கும்.

உட்கார்ந்தே செய்கிற வேலை

வண்டி வேலை என்றாலே குத்தவைத்து உட்கார வேண்டும், குனிய வேண்டும், தூக்க வேண்டும். கிரிப் மாற்றுவது அப்படியல்ல. சீட்டில் உட்கார்ந்து, மடியில் ஒரு தட்டு வைத்துக்கொண்டு முழு வேலையையும் முடிக்கலாம். அதனால்தான் இதை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. வண்டியை வெளிக் காற்று வரும் நிழலில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட வேண்டும். ஸ்பிரிட்டும் பசையும் தீப்பிடிக்கும், அவற்றின் நெடி தலைசுற்ற வைக்கும். அடைத்த அறை வேண்டாம், பக்கத்தில் பீடி, அடுப்பு வேண்டாம்.

முதலில் முனையில் இருக்கும் இரும்பு வெயிட்டைக் கழற்றுவது. ஹேண்டிலின் அதிர்வைக் குறைக்க வைத்த எடை அது. ஸ்குரூ நாளாகிப் பிடித்துக்கொண்டிருக்கும். சரியான அளவு ஸ்டார் டிரைவரை நன்றாக அழுத்தித் திருப்பாவிட்டால் தலை தேய்ந்துவிடும்.

பழைய கிரிப் நல்ல நிலையில் இருந்தால் வெட்ட வேண்டாம். முனை மழுங்கிய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விளிம்புக்கு அடியில் மெல்ல நுழைத்து, சோப்புத் தண்ணீரோ ஸ்பிரிட்டோ கொஞ்சம் விட்டு முறுக்குங்கள். கண்ணாடி வளையல் சோப்பு நுரையில் கழன்று வருகிற மாதிரி வந்துவிடும். பஞ்சர் கடை பக்கத்தில் இருந்தால் இன்னும் சுலபம்: கம்பிரசர் காற்றை விளிம்பில் செலுத்தினால் ரப்பர் ஊதி மிதக்கும், இழுத்தால் வரும். ரப்பர் இறுகியோ பிசுபிசுத்தோ போயிருந்தால் பிளேடால் நீளவாக்கில் கீறித் தூர எறிந்துவிட்டுப் புது ஜோடி வாங்குங்கள். வலப்பக்கம் கீறும்போது கவனம் வேண்டும். அடியில் இருப்பது பிளாஸ்டிக் பைப். ஆழமாக இறங்கினால் அதுவும் சேர்ந்து கீறும்.

அடுத்தது துடைப்பது. வேலையின் முக்கால்வாசி இதுதான். இடப்பக்கக் கம்பியில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். பழைய பசைத் திட்டுகளைச் சுரண்டி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துணி வெள்ளையாகவே வரும்வரை துடைக்க வேண்டும். கிரிப்பின் உள்பக்கத்தை ஈர்க்குச்சியில் துணி சுற்றித் துடைக்கலாம். ஜெல் மாதிரி சானிடைசர் வேண்டாம். கை காய்ந்துபோகாமல் இருக்க அதில் சேர்க்கும் பொருள் வழவழப்பை விட்டுவிட்டுப் போகும். வலப்பக்கத்துக்குத் தின்னர் ஆகாது, பிளாஸ்டிக்கை அது அரிக்கும்.

பசைக்கு, கிரிப்புக்கென்றே விற்பது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் செருப்பு, ரெக்சின் ஒட்டப் பயன்படுத்துகிற மஞ்சள் நிற ரப்பர் பசை போதும். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். காய்ந்தாலும் வளையும் என்பதுதான் அதன் தகுதி. கிரிப்பின் உள்ளேயும், கம்பி அல்லது பைப்பின் மேலேயும் மெல்லியதாகப் பூசுங்கள். ஹோண்டா தன் மெக்கானிக்குகளுக்குக் கொடுக்கும் கையேட்டில் சொல்லியிருப்பது இது: பூசிய பிறகு 3 முதல் 5 நிமிடம் பொறுத்து ஏற்று, பசை சமமாகப் பரவ கிரிப்பைச் சுற்றிவிடு, ஓட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் காயவிடு. நம் கடைப் பசைகள் சில அதற்குள்ளேயே கெட்டியாகிவிடும். டியூபில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே ஒரே தள்ளாகத் தள்ளி ஏற்றுவது மேல். நடுவில் நின்று யோசிக்கக் கூடாது.

வலப்பக்கத்தில் மட்டும் மூன்று எச்சரிக்கை. பைப்பின் வெளி முனையில் பசை பூசாதீர்கள், வழிந்து கம்பியில் ஒட்டும். கிரிப்பின் உள் விளிம்புக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவில் சின்ன இடைவெளி விடுங்கள். வெளி முனை வெயிட்டில் உரசாதபடி பாருங்கள். பிறகு ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம், நேராக, முழுக்க வலப்பக்கம் என்று வைத்து ஒவ்வொரு தடவையும் ஆக்சிலேட்டரைத் திருப்பிக் கையை விடுங்கள். தானாக, சட்டென்று திரும்ப வேண்டும். மந்தமாகத் திரும்பினால் வண்டியை எடுக்க வேண்டாம். கிரிப் சரியாக இருந்தும் திரும்பவில்லை என்றால் கோளாறு கேபிளில் இருக்கலாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

நான் சாயங்காலம் ஒட்டி, மறுநாள் காலையில்தான் வண்டியை எடுப்பேன். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே காற்றுப் புகாத இடத்தில் பசை மெதுவாகத்தான் காயும்.

வழியில் லூசானால்

கயத்தாறு பக்கம் போயிருக்கும்போது கிரிப் சுற்ற ஆரம்பித்தால் வீடு வந்து சேர ஒரு வழி வேண்டும். பஞ்சர் கடையில் கேளுங்கள். கிரிப்பை உருவி, இரண்டு பக்கமும் உலர்ந்த துணியால் துடைத்து, பஞ்சர் சொல்யூஷனைப் பூசி ஏற்றினால் அன்றைய பொழுது ஓடும். அதுவும் ரப்பர் கரைசல்தான். இடது கிரிப்பின் உள் விளிம்பில் ஒரு கேபிள் டை போட்டு இறுக்கி, நீட்டிய வாலைக் கையில் குத்தாதபடி ஒட்ட வெட்டிவிடலாம். மேடுபள்ளத்தில் ரேஸ் ஓட்டுகிறவர்கள் பசையோடு நிறுத்துவதில்லை. கிரிப்பில் இதற்கென்றே உள்ள பள்ளங்களில் துருப்பிடிக்காத மெல்லிய கம்பியைச் சுற்றி முறுக்கி, முனையை ரப்பருக்குள் மடக்கிவிடுவார்கள். நம் ஊரில் கட்டுக்கம்பியால் அதைச் செய்தால் ஒரு மழைக்கே துருப்பிடித்து உள்ளங்கையைப் பதம் பார்க்கும். பசை பிடிக்காத வண்டிக்கு வேறொரு வழி, வளையத்தை ஆலன் போல்ட்டால் இறுக்கும் கிரிப். விலை கூடுதல், ஆனால் இடப்பக்கத்துக்கு நல்ல பிடி.

இனி, இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் காத்திருப்பவர்களுக்கும், சொந்தக் காசில் சக்கரம் மாட்டப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டி சாயாமல் இருப்பதற்குச் சக்கரம் மாட்டுகிறார்கள். சாயாத வண்டியைத் திருப்பும் பாரம் கைகளுக்கு வந்துவிடுகிறது, கையிலிருந்து கிரிப்புக்கு. ஆகவே கிரிப்பை ஒட்டுவதும் சக்கரம் மாட்டும் வேலையில் ஒரு பகுதிதான். பட்டறையில் ஆக்சில் நட்டை முறுக்கி முடித்ததும் கேளுங்கள்: இரண்டு கிரிப்பையும் கழற்றி, துடைத்து, பசை போட்டு ஏற்றிக் கொடுங்கள் என்று. புது ஜோடிக்கும் ஒரு டியூப் பசைக்கும் ஆகும் செலவு, சக்கரத்துக்கு ஆன செலவில் ஓரத்துக்குக்கூட வராது. “இப்பவே எடுத்துட்டுப் போங்க” என்றால் மட்டும் சம்மதிக்காதீர்கள். மறுநாள் காலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.